எடையைக் குறைத்துவிட்டு ஆபரேஷன் செய்யலாமா?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். என் அண்ணனுக்கு 41 வயது. உயரம் 168 செ.மீ., எடை 128 கிலோ. தேவகோட்டையில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். ஐந்து நாள் முன்பு அவர் போன கார், நின்றிருந்த லாரியில் மோதிவிட்டது. டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் இருந்தவர், பெல்ட் வயிற்றுக்கு எட்டவில்லை என்று போடவில்லை. முழங்கால் டேஷ்போர்டில் இடித்து, இடுப்பு மூட்டு பின்பக்கமாக நழுவி, தொடை எலும்பின் தலை உட்காரும் கிண்ணத்தின் பின்சுவர் உடைந்துவிட்டது. மூன்று மணி நேரத்துக்குள் மயக்கம் கொடுத்து மூட்டை உள்ளே தள்ளி, தொடையில் கம்பி போட்டு எடை தொங்கவிட்டிருக்கிறார்கள். பிளேட் வைக்க வேண்டும், ஆனால் உடம்பு இவ்வளவு கனமாக இருப்பதால் ரிஸ்க் அதிகம், மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்கிறார் டாக்டர். சர்க்கரை 260 இருக்கிறது. இதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. சொந்தக்காரர்கள் புத்தூர் கட்டு போடலாம் என்கிறார்கள். மூன்று மாதம் சாப்பாட்டைக் குறைத்து எடையை இறக்கிவிட்டு ஆபரேஷன் செய்தால் ரிஸ்க் குறையாதா? அண்ணன் யாரிடமும் பேசுவதில்லை. அவர் குறட்டை மட்டும் வார்டையே எழுப்புகிறது.
– ஒரு தங்கை, தேவகோட்டை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மின்னஞ்சல் நேற்றிரவு வந்தது. நாள் கணக்கு முக்கியம் என்பதால் காலையிலேயே நாலு வரி எழுதி அனுப்பிவிட்டேன். அதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். இதே கேள்வியோடு வேறு வீடுகளும் இருக்கும்.

எடை குறையட்டும் என்று காத்திருக்காதீர்கள். கிண்ண முறிவை முதல் ஒரு வாரம், பத்து நாளுக்குள் பொருத்திவிடுவது நல்லது. இரண்டு வாரம் வரை சமாளிக்கலாம். மூன்று வாரம் தாண்டினால் உடைந்த துண்டுகளைச் சுற்றிப் புது எலும்பும் தழும்பும் வளர்ந்து, எந்தத் துண்டு எங்கே இருந்தது என்றே தெரியாது. பட்டினி கிடந்தால் அந்த மூன்று வாரத்தில் 128 கிலோ 122 ஆகலாம். அந்த ஆறு கிலோவால் ஆபரேஷன் தியேட்டரில் எங்களுக்கு எந்தச் சௌகரியமும் இல்லை. அண்ணனுக்கோ தசை கரைந்து, புரதம் இறங்கி, போட்ட தையல் ஆறாது. எடையைக் குறைக்க இப்போது நேரமில்லை. அந்த எடைக்கு ஏற்றபடி எல்லாவற்றையும் ஆயத்தம் செய்ய மட்டும் நேரம் இருக்கிறது, அதுவும் கொஞ்சம்தான்.

உங்கள் ஊர் டாக்டர் தட்டிக்கழிக்கிறார் என்று நினைக்க வேண்டாம். ஆறு மணி நேரத்துக்குள் நழுவிய மூட்டை உள்ளே தள்ளினால்தான் தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் பிழைக்கும். இவ்வளவு கனமான காலை மூன்று மணி நேரத்துக்குள் அவர் திருப்பிப் போட்டிருக்கிறார். பெரிய வேலையை முடித்துவிட்டு, அடுத்த கட்டம் என் இடத்தில் செய்யக் கூடாது என்றும் சொல்கிறார். அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு போடலாம்.

இனி புத்தூர் கட்டு. ஆட்டுக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். குழிதான் இடுப்புக் கிண்ணம், குழவி தொடை எலும்பின் உருண்டைத் தலை. குழியின் பின்பக்க விளிம்பு பெயர்ந்துவிட்டது. ஒவ்வொரு தடவை உட்காரும்போதும் குழவி அந்த ஓட்டை வழியாக வெளியே வரப் பார்க்கும். வெளியிலிருந்து எந்தக் கட்டைப் போட்டாலும், மாவுக்கட்டே போட்டாலும், இவ்வளவு ஆழத்தில் இருக்கும் அந்த விளிம்பை அது தொடக்கூட முடியாது. எல்லாக் கிண்ண முறிவுக்கும் ஆபரேஷன் தேவை என்று சொல்லவில்லை. துண்டு சிறியதாக இருந்து, மூட்டு நழுவாமல் நின்றால் சும்மா விட்டுப் பார்ப்பதும் உண்டு. அதை சி.டி. ஸ்கேன்தான் சொல்லும். பின்சுவரில் பாதிக்கு மேல் பெயர்ந்திருந்தால் மூட்டு நிற்காது. கம்பி போட்டு எடை தொங்கவிட்டிருப்பதைப் பார்த்தால் உங்கள் அண்ணனுடையது அந்த வகை என்றே தோன்றுகிறது.

அறுவை செய்யாமல் ஆறு வாரம் கம்பியிலேயே போட்டுவைத்தால் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். கனமான உடம்புக்கு அதுதான் பெரிய ஆபத்து. அசையாமல் மல்லாந்து கிடந்தால் முதுகுத்தண்டின் அடியில் படுக்கைப்புண், நுரையீரலில் சளி, காலில் ரத்த உறைவு எல்லாம் வரிசையாக வரும். ஆக, எடை அதிகமானவரை எவ்வளவு சீக்கிரம் உட்காரவைக்க முடியுமோ அவ்வளவு நல்லது. ஆபரேஷனே அதற்காகவும்தான்.

எடை எங்கே தொல்லை தருகிறது என்பதைத் தியேட்டருக்குள் கூட்டிப்போய்க் காட்டுகிறேன். பின்சுவரை அடைய, ஆளைக் குப்புறவோ ஒருக்களித்தோ படுக்கவைத்து, பிட்டத்தின் பக்கவாட்டில் கீறி உள்ளே போவோம். ஒல்லியான ஆளுக்குத் தோலிலிருந்து எலும்பு நாலைந்து விரற்கடையில் இருக்கும். உங்கள் அண்ணன் போன்ற உடம்பில் என் கை மணிக்கட்டு வரை உள்ளே போய்விடும். கொழுப்பை இரண்டு பக்கமும் விலக்கிப் பிடிக்கவே இரண்டு பேர் வேண்டும். முக்கால் மணி நேரத்தில் அவர்கள் கை நடுங்க ஆரம்பிக்கும். துளைபோடும் டிரில்லைச் சாய்க்க வேண்டிய கோணத்தில் சாய்க்க முடியாது, தொடைச் சதை வந்து இடிக்கும். கிணற்றுக்குள் குனிந்து திருகாணி முடுக்குகிற வேலை. பக்கத்திலேயே கட்டைவிரல் பருமனில் சயாட்டிக் நரம்பு போகிறது. அதை யாரும் பலமாக இழுத்துவிடாமல் பார்த்துக்கொண்டே, உடைந்த துண்டை ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் உட்காரவைக்க வேண்டும். மூன்று மில்லிமீட்டர் பிசகினாலே பின்னாளில் மூட்டு தேய்ந்துபோகும். எக்ஸ்ரேவும் நமக்கு ஒத்துழைக்காது. தியேட்டருக்குள் படம் காட்டும் சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே கருவியின் கதிர் அத்தனை சதையைத் தாண்டி வரும்போது படம் பனிமூட்டமாக விழும். எல்லாம் சேர்ந்து நேரம் நீளும், ரத்தம் கூடுதலாகப் போகும்.

நரம்பு பற்றிச் சொன்னதால் ஒரு வேலை. இன்றே அண்ணனிடம் அடிபட்ட பக்கத்துப் பாதத்தை மேலே தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். மூட்டு நழுவும்போதே அந்த நரம்பு அடிபட்டிருக்க வாய்ப்புண்டு. பாதம் தூக்க முடியவில்லை என்றால், ஆபரேஷனுக்கு முன்பே கேஸ் ஷீட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். அப்புறம் வருகிற சண்டை மிச்சம்.

அடுத்தது, எங்களைத் தூங்கவிடாத விஷயம்: சீழ். இடுப்புக் கிண்ண அறுவையில் எடையின் பங்கை அளந்து 2005-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. உடல் நிறை குறியீடு (உயரத்தோடு எடையை ஒப்பிடும் கணக்கு) 40-க்கு மேல் போனவர்களுக்குக் காயத்தில் தொற்று வரும் வாய்ப்பு ஐந்து மடங்கு. 30-ஐத் தாண்டியவர்களுக்கே காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு இரண்டரை மடங்குக்கு மேல். உங்கள் அண்ணனுடைய குறியீடு 45. ஐந்து மடங்கு என்றால் எல்லோருக்கும் வரும் என்று பொருளில்லை. வரும் என்று எதிர்பார்த்துத் தயாராக இருக்க வேண்டும் என்று பொருள். கொழுப்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. வெட்டிய இடத்தில் அது செத்துக் கரையும். தையல் போட்டு மூன்றாம் நாள் கட்டைப் பிரித்தால் மஞ்சளாக நீர் கசிந்திருக்கும். பஞ்சை வெளிச்சத்தில் சாய்த்தால் ரசத்தின் மேல் மிதக்கும் எண்ணெய்ப் பொட்டு மாதிரி மினுங்கும். அந்தக் கசிவு நாலைந்து நாளில் நின்றால் சரி. ஒரு வாரம் தாண்டியும் நின்றபாடில்லை என்றால் "தானா காஞ்சிடும்" என்று இருந்துவிடாதீர்கள். மறுபடி திறந்து கழுவச் சொன்னால் சம்மதியுங்கள். முதல் பத்து நாளில் கழுவினால் பிளேட் தப்பும். ஆறு வாரம் கழித்துக் கழுவினால் பெரும்பாலும் தப்பாது.

இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அடிபட்ட இடுப்பின் பக்கவாட்டில், தொடை ஆரம்பிக்கும் இடத்தில், தொட்டால் தண்ணீர்ப் பை போலத் தளதளவென்று இருக்கிறதா? அடியின் வேகத்தில் கொழுப்பு, அடியில் உள்ள உறையிலிருந்து உரிந்து, நடுவே ரத்தமும் நிணநீரும் தேங்கும். மேலே தோல் கிழியாததால் வெறும் வீக்கம் என்று விட்டுவிடுவார்கள். பருத்த உடம்பில் கண்ணுக்கும் தெரியாது. அதன் வழியாகவே கத்தி வைத்தால் தொற்றுக்கு வாசல் திறந்துவிட்டது போலத்தான்.

நீங்கள் வேடிக்கையாக எழுதிய குறட்டைதான் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. குறட்டை நடுவே சில விநாடி மூச்சு நின்று, பிறகு திணறி எழுகிறாரா? இன்றிரவு பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். முடிந்தால் போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுங்கள். மயக்க மருந்து டாக்டருக்கு நூறு கேள்வியைவிட அது பயன்படும். அப்படி மூச்சு நிற்பவருக்கு, ஆபரேஷன் முடிந்து வலி மருந்தின் மயக்கத்தில் இருக்கும் முதல் இரண்டு இரவுதான் கண்டம். காற்றை அழுத்தித் தரும் முகமூடிக் கருவியும், கண்காணிக்கும் ஐசியூ படுக்கையும் இருந்தால் தாண்டிவிடலாம். எடை குறைக்கும் வாராந்திர ஊசி எதுவும் அவர் போட்டுக்கொண்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த மருந்தால் வயிறு சீக்கிரம் காலியாகாது. மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போகக்கூடும்.

சர்க்கரை 260 என்பது அடிபட்ட அதிர்ச்சியில் ஏறியதா, நெடுநாளாக இருந்ததா என்று மூன்று மாதச் சராசரி காட்டும் பரிசோதனையில் தெரியும். எதுவானாலும் இன்சுலின் போட்டு 180-க்குள் கொண்டுவந்துதான் கத்தி வைப்பார்கள். அதற்கு இரண்டு நாள் போதும், மூன்று மாதம் வேண்டாம்.

எடையைச் சரியாகப் பார்த்தார்களா, இல்லை நீங்கள் சொன்னதை எழுதிக்கொண்டார்களா? சிரிக்காதீர்கள். நான் படித்துக்கொண்டிருந்த காலத்தில் இப்படி ஒருவர் வந்தார். ஆஸ்பத்திரித் தராசில் நிற்கவும் முடியாது, நின்றாலும் முள் கடைசிக்குப் போய்விடும். சமையற்கூடத்தில் அரிசி மூட்டை இறக்கும் தராசுக்கு ஸ்ட்ரெச்சரோடு தள்ளிக்கொண்டு போய் ஏற்றி, அப்புறம் ஸ்ட்ரெச்சர் கனத்தைக் கழித்தோம். வாசலில் நின்ற மாஸ்டர் "எத்தனை மூட்டை சார்?" என்று கேட்டார். படுத்திருந்தவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அவருடைய எடை எனக்கு மறந்துவிட்டது, அந்தத் துண்டு மறக்கவில்லை. எடை தெரிந்தே ஆக வேண்டும். ஆனால் நாலு பேர் முன்னால் அல்ல. ஆபரேஷனுக்கு முன் போடும் கிருமிக்கொல்லி ஊசி வழக்கமாக 2 கிராம் என்றால், 120 கிலோவும் அதற்கு மேலும் உள்ளவருக்கு 3 கிராம். ரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் போடும் ஊசியும் எல்லோருக்கும் போடும் 40 மில்லிகிராமில் போதாமல் போகலாம். அதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஐந்து நாள் அசையாமல் கிடந்திருப்பதால், போகிற இடத்தில் ஆபரேஷனுக்கு முன்பே இரண்டு காலிலும் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். பிறகு எப்போதாவது திடீரென்று மூச்சு வாங்கினால், நெஞ்சில் குத்தினால், கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கினால் விடியட்டும் என்று பார்க்காதீர்கள்.

மதுரையில் எங்கே போவது என்று பெயர் சொல்ல மாட்டேன். போன் செய்து கேட்க வேண்டியதைச் சொல்கிறேன். "உங்க ஆபரேஷன் டேபிள் எத்தனை கிலோ தாங்கும்?" என்று முதலில் கேளுங்கள். பழைய மேசைகள் பலவும் 135 கிலோவுக்கு மேல் தாங்காது. 128 கிலோ ஆளை ஒருக்களித்துப் போட்டு, மேலே நாங்கள் நாலு பேர் சாய்ந்து வேலை செய்வதற்கு அது போதவே போதாது. பிறகு, டாக்டர் இந்தக் கிண்ண முறிவை அடிக்கடி செய்பவரா என்று கேளுங்கள். முழங்கால் மாற்று அறுவையில் பேர் எடுத்தவர் என்பது இதற்கு உதவாது, இது தனிக் கை. ரத்த வங்கியும் ஐசியூவும் ஒரே வளாகத்தில் இருக்க வேண்டும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்த வகை விபத்து நிறைய வருவதால் கை பழகியவர்கள் இருப்பார்கள். படாடோபம் இல்லை என்பதற்காக அவற்றை ஒதுக்கிவிடாதீர்கள். சி.டி. ஸ்கேன் படத்தை அச்சாக மட்டும் வாங்காமல் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கும் டிஸ்க்காகவும் வாங்கிக்கொள்ளுங்கள், போகும் இடத்தில் திரும்ப எடுக்கும் அலைச்சல் மிச்சமாகும்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உங்கள் பங்கு. அடிவயிற்று மடிப்பு, தொடை இடுக்கு, முதுகின் அடிப்பக்கம் மூன்றையும் தினம் இரண்டு தடவை பிரித்துப் பார்த்து, துடைத்து, ஈரமில்லாமல் வையுங்கள். பவுடர் அப்ப வேண்டாம், வியர்வையில் கட்டிதட்டிவிடும். மடிப்புக்குள் ஒரு மெல்லிய பருத்தித் துணி போதும்.

எலும்பு ஒட்ட ஆட்டுக்கால் சூப் வாளி வாளியாக வரும். அன்போடு வருவதைத் தடுக்க வேண்டாம், ஒரு தம்ளரோடு நிறுத்துங்கள். அதில் மிதப்பது பெரும்பாலும் கொழுப்பு. எலும்பும் தையலும் கேட்பது புரதம். சிறுநீரகம் நன்றாக இருந்தால், அண்ணனுடைய உயரத்துக்கு நாளுக்கு 80, 90 கிராம் தேவை. ஒரு முட்டையில் 6 கிராம்தான் என்றால் கணக்கு புரியும். முட்டை, மீன், பயறு, தயிர் கூட்டி, சோற்றைப் பாதியாக்கினால் பட்டினி இல்லாமலே எடை கொஞ்சம் இறங்கும். இப்போதைக்கு அதுவே போதும். வைட்டமின் டி-யும் பார்த்துவிடுங்கள்; பருத்த உடம்பில் அது குறைவாக இருப்பது சகஜம்.

நடப்பது பற்றி. நடக்கும்போது இடுப்பு மூட்டு தாங்குவது நம் எடையை மட்டும் அல்ல, தசைகள் இழுக்கும் இழுப்பையும் சேர்த்து ஏறக்குறைய இரண்டரை மடங்கு. செயற்கை மூட்டுக்குள்ளேயே அளவுமானி பொருத்தி பெர்லினில் அளந்து பார்த்த கணக்கு இது. உங்கள் அண்ணனுக்கு ஓர் அடி எடுத்தால் 320 கிலோ. பொருத்திய துண்டு அதைத் தாங்காது. அதனால் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் அந்தக் காலைத் தரையில் சும்மா தொட்டுவைக்கத்தான் அனுமதிப்பார்கள். பலர் பயந்துபோய்க் காலை அந்தரத்தில் தூக்கிக்கொண்டே தாவுவார்கள். அது தப்பு; தூக்கிப்பிடிக்கிற தசைகளே மூட்டை அழுத்தும். பாதம் தரையில் படிந்திருக்கட்டும், கனம் மட்டும் வேண்டாம். எவ்வளவு கனம் என்று பழக்க, எடை பார்க்கும் மெஷினைத் தரையில் வைத்து, அதே உயரத்துக்குப் பலகை போட்டு நல்ல காலை அதில் ஊன்றி, அடிபட்ட காலை மெஷின் மேல் வைக்கச் சொல்லுங்கள். முள் 10 கிலோவைத் தாண்டக் கூடாது. நாலு நாள் இப்படிப் பழகினால் கால் தானே கணக்கைப் பிடித்துக்கொள்ளும். ஒற்றைக் காலில் 128 கிலோவைச் சுமந்து வாக்கரில் போக முடியவில்லை என்றால் வெட்கப்படாமல் சக்கர நாற்காலிக்குப் போங்கள். கடையில் கிடைக்கும் சாதாரண வாக்கர் பலதும் 100 கிலோவுக்குத்தான். வாங்குமுன் ஸ்டிக்கரைப் படியுங்கள். பிளாஸ்டிக் கமோடு நாற்காலியும் அப்படித்தான். உடைந்து விழுந்து திரும்ப வந்தவரைப் பார்த்திருக்கிறேன்.

எல்லாம் சரியாக நடந்தாலும் சில வருடம் கழித்து மூட்டு தேயலாம், மாற்று மூட்டு வேண்டியிருக்கலாம். எடை குறைக்கும் ஊசி, வயிற்று அறுவை பற்றியெல்லாம் எலும்பு ஒட்டி, தையல் ஆறி, நடக்க ஆரம்பித்த பிறகு நிதானமாகப் பேசுவோம். அன்று அந்தப் பேச்சுக்கு அர்த்தம் உண்டு. இன்று படுக்கையில் கிடப்பவரிடம் "உடம்ப இப்படி வளத்து வச்சிருக்கியே" என்று ஒரு சித்தப்பா வந்து சொல்லிவிட்டுப் போயிருப்பார். அண்ணன் பேசாமலிருப்பதற்கு வலி மட்டும் காரணமாக இருக்காது. பார்க்க வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி விஷயத்தைச் சொல்லி அனுப்ப உங்களால் முடியும் என்று உங்கள் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது.

காரில் திரும்பக் கூட்டிவரும் நாளுக்குள், பெல்ட்டை நீட்டிக்கும் இணைப்பு ஒன்றை அந்தக் கார் கம்பெனி ஷோரூமில் கேட்டு வாங்கிவிடுங்கள். வயிற்றுக்கு மேலே போடாமல், வயிற்றை லேசாகத் தூக்கி அதற்குக் கீழே, இடுப்பு எலும்பின் மேல் பதியும்படி மாட்ட வேண்டும்.

கடைக்கு எப்போது போகலாம் என்று அண்ணன் கேட்பார். கல்லாவில் உட்காருவதானால் ஆறாவது வாரம், வண்டியில் யாராவது கொண்டுவிட்டால். ஆனால் ஜவுளிக்கடைக் கல்லா என்றால் மெத்தையும் திண்டும்தானே? கீழே சம்மணம் போட்டு உட்காருவது இனி பல மாதங்களுக்குக் கிடையாது. இடுப்பு தொண்ணூறு பாகைக்கு மேல் மடங்கினால் உடைந்த பின்சுவரில் போய் முட்டும். தச்சரைக் கூப்பிட்டு, அண்ணனின் முழங்கால் மடிப்பு உயரத்துக்கு நாலு விரற்கடை மேலே இருக்கிற மாதிரி, இரண்டு பக்கமும் கை ஊன்ற மரக்கட்டை வைத்து, 150 கிலோ தாங்குகிற ஒரு நாற்காலிக்கு இப்போதே சொல்லிவையுங்கள்.